இரவு ஒன்பது மணிக்குத் திணறும் விடுதி வைஃபை: லைனைப் பெரிதாக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரியில் ஏறத்தாழ 3,000 மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்களில் 1,200 பேர் மூன்று விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். ஆசிரியரான எனக்கு வளாக நெட்வொர்க் கூடுதல் பொறுப்பாகத் தரப்பட்டிருக்கிறது. கல்லூரிக்கென்றே வாடகைக்கு எடுத்த 1 ஜிபிபிஎஸ் இணைய இணைப்பு (லீஸ்டு லைன்) உள்ளது, பகலில் குறையில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் விடுதிகளில் பலருக்கு வைஃபை, ஐபி முகவரி பெறும் நிலையிலேயே நின்றுவிடுகிறது. இணைந்தவர்களுக்கும் வீடியோ திணறுகிறது. நிர்வாகம் லைனை 2 ஜிபிபிஎஸ் ஆக்க நினைக்கிறது. ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் கூடும். பழைய விடுதியின் தரைத்தளத்தில் செல்போன் சிக்னலே இல்லாததால், ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்கவும் பேச்சு நடக்கிறது. இரண்டும் சரியான முடிவுகளா?

பதில்: இரண்டு கொள்முதலையும் இரண்டு வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கள். பூஸ்டரை அதற்குப் பிறகும் வாங்க முடியாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். லைனைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதியுள்ள முதல் அறிகுறிக்கும் வெளியிலிருந்து வரும் இணைப்புக்கும் தொடர்பே இல்லை. ஐபி முகவரியைக் கொடுப்பது உங்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் டிஹெச்சிபி சர்வர். லீஸ்டு லைனைப் பிடுங்கி வைத்தாலும் அந்த முகவரி கிடைத்தாக வேண்டும். அது கிடைக்காதபோது 2 அல்ல, 10 ஜிபிபிஎஸ் வாங்கினாலும் அந்த மாணவரின் போன் அதே இடத்தில்தான் நிற்கும்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். விடுதியில் 1,200 பேர். போனும் மடிக்கணினியுமாக ஆளுக்கு இரண்டு கருவிகள் என்றால் 2,400 முகவரிகள் வேண்டும். 'ஸ்லாஷ் 24' அளவுள்ள தொகுதி ஒன்றில் பயன்படக்கூடிய முகவரிகள் 254. 'ஸ்லாஷ் 22' என்றால் 1,022. விடுதிக்கு வைஃபை போட்ட காலத்தில் யாரோ ஒதுக்கிய தொகுதி இந்த இரண்டில் ஒன்றாக இருப்பதைத்தான் நான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். அதோடு குத்தகைக் காலத்தையும் பாருங்கள். விண்டோஸ் சர்வரில் டிஹெச்சிபியை நிறுவி எதையும் மாற்றாமல் விட்டால், ஒருமுறை கொடுத்த முகவரி 8 நாட்களுக்கு அந்தக் கருவியின் பெயரிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மகனைப் பார்க்க வந்த பெற்றோரின் போன் வாங்கிய முகவரி அடுத்த திங்கள் வரை யாருக்கும் பயன்படாது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியை வெவ்வேறாகக் காட்டுவதால், ஒரே போன் மூன்று பெயர்களில் இணைந்தால் சர்வர் அதை மூன்று கருவிகளாக எண்ணும். (மாணவர் சேர்க்கையின்போது படிவத்தில் மேக் முகவரியை எழுதி வாங்கும் வழக்கம் உங்கள் கல்லூரியிலும் இருந்தால், அந்தப் பதிவேட்டுக்கு இப்போது பொருள் குறைவு.)

இன்றிரவு ஒன்பதரை மணிக்கு டிஹெச்சிபி சர்வரின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து, மொத்த முகவரிகளில் எத்தனை மீதம் உள்ளன என்று பாருங்கள். பூஜ்யமாகவோ அதற்கு அருகிலோ இருந்தால் உங்கள் முதல் சிக்கலின் விடை கிடைத்துவிட்டது. விடுதி ஒவ்வொன்றுக்கும் தனி விஎல்ஏஎன் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்) அமைத்து, 2,046 முகவரிகள் கொண்ட 'ஸ்லாஷ் 21' தொகுதியை ஒவ்வொன்றுக்கும் கொடுத்து, குத்தகையை விடுதியில் 12 மணி நேரமாகவும் வகுப்பறைப் பகுதியில் 2 மணி நேரமாகவும் குறையுங்கள். 10-இல் தொடங்கும் தனியார் முகவரிகள் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றுக்கு யாரிடமும் பணம் கட்ட வேண்டியதில்லை.

மீதம் நிறைய இருந்தும் முகவரி கிடைக்கவில்லை என்றால், வேறொருவர் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறாரா என்று தேட வேண்டும். நான் பொறுப்பு வகித்த ஒரு கல்லூரியில் ஒரே ஒரு விடுதி மட்டும் வாரக் கடைசிகளில் முடங்கிக்கொண்டிருந்தது. வைஃபை சிக்னலை வீசும் ஆக்சஸ் பாயின்ட்டை மாற்றினோம், நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் சுவிட்சை மாற்றினோம், மூன்று வாரங்கள் வீணாயின. கடைசியில் பார்த்தால், ஒரு மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரவுட்டரைச் சுவரிலுள்ள போர்ட்டில் செருகியிருந்தார். கேபிளை வெளி இணைப்புக்கான 'வான்' போர்ட்டில் செருகாமல் உள் கருவிகளுக்கான 'லான்' போர்ட்டில் செருகியதால், அந்தக் குட்டி ரவுட்டர் விடுதி முழுவதற்கும் 192.168 என்று தொடங்கும் முகவரிகளை வாரி வழங்கிக்கொண்டிருந்தது. அவர்மீது குற்றமில்லை, டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதியைச் சுவிட்சில் இயக்காமல் விட்ட குற்றம் என்னுடையது. மேலாண்மை வசதியுள்ள பெரும்பாலான சுவிட்சுகளில் இது இருக்கும். சர்வர் இருக்கும் பக்கத்து போர்ட்டை மட்டும் நம்பகமானது என்று குறித்துவிட்டால், மற்ற போர்ட்டுகளிலிருந்து யார் முகவரி கொடுத்தாலும் சுவிட்ச் அதைத் தடுத்துவிடும்.

அடுத்து வீடியோ திணறுவது. இதில் லைனுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் விடுதிகளில் நான் முதலில் சந்தேகிப்பது காற்றைத்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. ஒரு தாழ்வாரத்தில் எட்டு ஆக்சஸ் பாயின்ட்டுகளை வரிசையாக மாட்டினால், தடையில்லாத அந்த நீண்ட வெளியில் அவை ஒன்றின் குரலை மற்றொன்று நன்றாகக் கேட்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு அப்பால் கட்டிலில் படுத்திருக்கும் மாணவரின் போனுக்கோ அரைகுறையாகத்தான் கேட்கும். ஒரே சேனலில் உள்ள கருவிகளில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும் என்பதால், ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்கின்றன. இதைக் கண்ட ஒப்பந்தக்காரர் சிக்னல் போதவில்லை என்று சொல்லித் திறனை உச்சத்தில் வைப்பார். அது நிலைமையை இன்னும் கெடுக்கும். ஆக்சஸ் பாயின்ட்டின் குரலை உயர்த்தலாம், போனின் குரலை உயர்த்த முடியாது. திரையில் நான்கு கோடுகளும் தெரியும், ஆனால் போன் அனுப்புவது ஆக்சஸ் பாயின்ட்டுக்குப் போய்ச் சேராது.

ஆகவே 2.4 கிகாஹெர்ட்ஸில் திறனைக் குறையுங்கள். தாழ்வாரத்தில் ஒன்று விட்டு ஒன்றாகச் சில ஆக்சஸ் பாயின்ட்டுகளில் அந்த அலைவரிசையை அணைத்தே விடுங்கள். 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் ஆகிய பழைய வேகங்களை நிறுத்திவிடுங்கள்; அந்த வேகத்தில் ஒரு கருவி பேசினால் அது முடிக்கும்வரை அறை முழுவதும் காத்திருக்கும். ஒவ்வொரு வைஃபை பெயரும் நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை தன்னை அறிவித்துக்கொள்கிறது என்பதால், மாணவர், ஆசிரியர், விருந்தினர், தேர்வு, நூலகம் என்று பெயர்களை அடுக்காமல் மூன்றோடு நிறுத்துங்கள். சுமையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இந்தியாவில் 2018-இல் 5,150 முதல் 5,875 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பெரும்பகுதி உரிமத் தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டதால், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சேனல்கள் அங்கே கிடைக்கின்றன. விளம்பரத்தில் சொல்லும் வேகத்துக்கு ஆசைப்பட்டு 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை வைத்தால் அந்த வளத்தை நீங்களே நான்கில் ஒன்றாக்கிக்கொள்கிறீர்கள். விடுதிக்கு 20 போதும், மிஞ்சினால் 40. புதிதாக வாங்கும் ஆக்சஸ் பாயின்ட்டுகளைத் தாழ்வாரத்தில் மாட்டாமல் அறைகளுக்குள், இரண்டு மூன்று அறைகளுக்கு ஒன்றாக வையுங்கள். வாங்கும்முன் சுவிட்ச் கேபிள் வழியே எத்தனை வாட் மின்சாரம் கொடுக்கிறது என்று பாருங்கள். பழைய சுவிட்சுகள் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் மட்டுமே தரும், புதிய கருவிகள் பலவற்றுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

இப்போது லைன். ரவுட்டரிலோ, இணையப் போக்குவரத்தைச் சோதித்து அனுப்பும் ஃபயர்வாலிலோ ஒரு வாரத்துக்கான போக்குவரத்து வரைபடத்தை எடுங்கள். லிப்ரேஎன்எம்எஸ், சாபிக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களே இதற்குப் போதும். லைன் உண்மையிலேயே நிறைந்திருந்தால், இரவு நேரத்துக் கோடு மலையின் உச்சியைச் சீவிவிட்டதுபோல 950 எம்பிபிஎஸ் அருகே தட்டையாக ஓடும். அப்படி இல்லாமல் 500-லோ 600-லோ ஏறி இறங்கினால் லைனில் இடம் இருக்கிறது, அடைப்பு உள்ளே இருக்கிறது என்று பொருள். 600-க்கு அருகே தட்டையாக ஓடினால், சந்தேகப்பட வேண்டியது ஃபயர்வால். அதன் விவரத்தாளில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம், எந்தச் சோதனையும் செய்யாமல் தரவுப் பொட்டலங்களைக் கடத்திவிடும்போது கிடைப்பது. வைரஸ் சோதனை, செயலி வாரியான வடிகட்டல் எல்லாவற்றையும் இயக்கினால் அதில் ஒரு சிறு பகுதிதான் மிஞ்சும். கொள்முதல் குழு பார்க்க வேண்டியது, அதே தாளில் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் அந்த எண்ணை.

ஃபயர்வாலில் இன்னொன்றையும் பாருங்கள். கல்லூரி முழுவதும் ஒரே பொது ஐபி முகவரியின் பின்னால் ஒளிந்திருக்கிறதா? இணைப்புகளைப் பிரித்தறிய ஒரு முகவரிக்கு 65,536 போர்ட் எண்கள்தான் (சுவரில் கேபிள் செருகும் போர்ட் வேறு). ஒரு போன் சாதாரணமாக நூறு இணைப்புகளைத் திறந்து வைத்திருந்தால், 2,400 கருவிகளுக்கு 2,40,000 ஆகிறது. சேருமிடம் வேறுபட்டால் ஒரே எண்ணை மறுபடி பயன்படுத்தலாம் என்பது உண்மை. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் அதே சில தளங்களுக்குத்தான் போகிறார்கள். கூகுள் அடிக்கடி, நீங்கள் மனிதர்தானா என்று படம் காட்டிக் கேட்கிறது என மாணவர்கள் குறை சொன்னால், ஒரே முகவரியின் பின்னால் கூட்டம் சேர்ந்திருப்பதன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் சேவை நிறுவனத்திடம் கூடுதல் பொது முகவரிகளைக் கேளுங்கள். அதோடு, முகவரிப் பஞ்சமில்லாத புதிய முகவரி முறையான ஐபிவி6 கேளுங்கள். யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஐபிவி6-இல் இயங்குவதால், அதை இயக்கிய அன்றே இரவுப் போக்குவரத்தில் பெரும்பங்கு இந்த நெரிசலைத் தாண்டிப் போய்விடும். ஒரே ஆள் 300 எம்பிபிஎஸ் எடுத்துக்கொள்ளாதபடி ஆளுக்கு 10 அல்லது 15 எம்பிபிஎஸ் என்று வரம்பு வையுங்கள். யூடியூபை அடைத்துவிடலாம் என்று வார்டன் சொல்வார். ஐஐடிகள் தரும் என்பிடிஇஎல் இணையப் பாடங்களும் அங்கேதான் இருக்கின்றன என்று அவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது. விடுதி முழுவதற்கும் ஒரே பொதுக் கடவுச்சொல் இருக்கிறதென்றால் அதை மாற்றி, ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். ஒவ்வொருவரின் கணக்கையும் சரிபார்த்து உள்ளே விடும் 802.1எக்ஸ் முறையில், ஃப்ரீரேடியஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டே இதைச் செய்யலாம். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், கருவிகளின் கடிகாரங்களைப் பொது நேரத்தோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. கல்லூரி இதற்குள் வருமா என்று வாதிடுவதைவிடச் செய்துவிடுவது எளிது. சைபர் பிரிவிலிருந்து ஒரு பொது முகவரியும் போர்ட் எண்ணும் நேரமும் குறிப்பிட்டுக் கடிதம் வரும் நாளில், அது எந்த அறையிலிருந்து போனது என்று சொல்ல முடியாமல் முதல்வர் அறையில் நிற்கப்போவது நீங்கள்தான்.

இனி பூஸ்டர். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அனுமதியோ உரிமமோ இல்லாமல் அதை வாங்கி வைத்திருப்பதே குற்றம். 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே வானொலிக் கருவிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது, 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அதைத் தொடர்கிறது. ஆன்லைனில் விற்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது. உங்கள் தரைத்தளத்துக்குச் சிக்னலைக் கூட்டும் கருவி, பக்கத்துக் கோபுரத்தின் காதில் இரைச்சலைப் போட்டு, சுற்றுப்புறம் முழுவதும் அழைப்புகளைக் கெடுக்கக்கூடும். (தேர்வுக்கூடத்துக்கு ஜாமர் வாங்கும் யோசனைக்கும் இதே பதில்தான், அதற்கு மத்திய அமைச்சரவைச் செயலகத்தின் அனுமதி வேண்டும்.) கட்டடத்துக்குள் சிக்னல் தரும் அமைப்பை நிறுவும்படி செல்போன் நிறுவனங்களுக்கு, விடுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கோடு எழுதிக் கேளுங்கள்.

அவர்கள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் வைஃபை வழி அழைப்பைத் தொடங்கிவிட்டன. போனின் அமைப்பில் அதை இயக்கினால், வைஃபை கிடைக்கும் இடத்தில் சாதாரண எண்ணிலேயே பேசலாம். ஒரு தடை மட்டும் உண்டு. இந்த அழைப்புகள் யுடிபி 500, 4500 ஆகிய போர்ட்டுகள் வழியே ஐபிசெக் என்ற மறையாக்கச் சுரங்கமாகப் போகின்றன. விபிஎன் கூடாது என்று நினைத்துப் பல கல்லூரிகள் அதே போர்ட்டுகளை ஃபயர்வாலில் அடைத்து வைத்திருக்கின்றன. தரைத்தள மாணவர்களுக்காக அந்த இரண்டையும் திறந்துவிடுங்கள். நள்ளிரவில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் வீட்டுக்கும் 108-க்கும் பேச வேண்டும். வைஃபை அழைப்பில் அவசர எண் எல்லாப் போன்களிலும் இணையும் என்று நம்பிவிட முடியாது என்பதால், தரைத்தளத்தில் கம்பி வழித் தொலைபேசி ஒன்றையும் வையுங்கள். அது இணைந்திருக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கு யுபிஎஸ் இருக்கட்டும்.

இத்தனையும் செய்த பிறகும் இரவு வரைபடம் 950-இல் தட்டையாகவே ஓடினால், அப்போது நிர்வாகத்திடம் பணம் கேளுங்கள். கேட்கும்போதும் இருக்கும் லைனை 2 ஜிபிபிஎஸ் ஆக்கச் சொல்லாமல், வேறொரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு 1 ஜிபிபிஎஸ் லைனைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் 99.5 சதவீத உத்தரவாதம் என்று எழுதியிருந்தால், மாதத்தில் 3.6 மணி நேரம் லைன் இல்லாமல் போவதற்கு நீங்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். அந்த 3.6 மணி நேரம் ஆன்லைன் தேர்வு நடக்கும் காலையில் வந்து விழுவதுண்டு. கையெழுத்திடும் முன் இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் எந்த வழியாக வளாகத்துக்குள் நுழைகின்றன என்று நேரில் நடந்து பாருங்கள். பெயர் இரண்டாக இருந்தும் கம்பம் ஒன்றாக இருந்தால், சாலை தோண்டும் ஒரே பொக்லைன் இரண்டையும் அறுத்துவிடும்; இரண்டாவது இணைப்பைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரச் சொல்லி, அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.