மேனிஃபோல்டு ஸ்டட் உடைந்தால்: கேள்வி பதில்

கேள்வி: பழைய டீசல் ஜீப். காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று சத்தம், சூடானதும் குறைகிறது. என்ஜின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஓரத்து ஸ்டட் (அதைப் பிடித்து நிறுத்தும், இரு முனையிலும் மரை உள்ள கம்பி) உடைந்திருக்கிறது. ஏன் ஓரத்தில் இருப்பதே உடைகிறது?

பதில்: மேனிஃபோல்டு, அது பொருந்தியிருக்கும் என்ஜின் ஹெட்டைவிட அதிகம் சூடாகி நீளும். நடுவில் அந்த நகர்வு தெரியாது. ஓரத்துக்குப் போகப் போகக் கூடும். பல வருடம் அப்படி இழுபட்டு, துருவும் சேர்ந்தால் ஒருநாள் முறியும். சூட்டில் விரிந்து சந்து அடைபடுவதால் சத்தம் குறைகிறது, அவ்வளவுதான். கேஸ்கெட் (இரண்டுக்கும் இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) ஓரத்தில் கரிக்கோடு இருந்தால் புகை அங்கேதான் கசிகிறது.

கேள்வி: துண்டு அரை இன்ச் வெளியே நிற்கிறது. பைப் ரிஞ்ச் போட்டுத் திருப்பிவிடலாமா அண்ணே?

பதில்: எடுத்த எடுப்பில் வேண்டாம் தம்பி, மிச்சமும் முறியும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஆயில் விட்டு வையுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்தாலும் நன்றாக இறங்கும். ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும், சூடுகாட்டும் முன் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். மறுநாள் ஸ்டட் தலையில் நேராக நாலு தட்டு. மரை நன்றாக இருந்தால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, உள் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கழற்றுங்கள். கொஞ்சம் அசைந்ததும் முழுதாக இழுக்காமல் முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள்.

கேள்வி: ஹெட்டோடு மட்டமாக முறிந்துவிட்டது. பிடிக்க எதுவும் இல்லை. துண்டில் துளையிட்டு உள்ளே திருகி இழுக்கும் ஈசி அவுட் வாங்கட்டுமா?

பதில்: துருப்பிடித்த எக்ஸாஸ்ட் ஸ்டட்டுக்கு ஈசி அவுட்டை நான் கடைசியாகத்தான் எடுப்பேன். முழு ஸ்டட்டே திரும்பாமல் முறிந்த இடத்தில், அதற்குள் நுழையும் சின்னக் குச்சி என்ன செய்யும்? அது கடினமாக்கிய இரும்பு. உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கும். கார்பைடு பிட்டோ, மின்பொறியால் இரும்பை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் பட்டறையோ தேட வேண்டியிருக்கும்.

நட்டு வைத்து வெல்டிங் அடிப்பதுதான் என் வழி. பேட்டரி வயரைக் கழற்றுங்கள். நட்டில் துத்தநாகப் பூச்சு இருந்தால் தேய்த்து எடுங்கள், அந்தப் புகை ஆகாது. பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் கூடவே கூடாது. குளோரின் உள்ள வகை சூட்டில் விஷவாயுவாக மாறும். முதலில் ஸ்டட் முகத்தில் சின்னக் குமிழாக வெல்டிங் ஏற்றி, அதன்மேல் நட்டை வைத்து உள்துளையை நிரப்புங்கள். சிவப்பு மங்கும்வரை விட்டு, மெதுவாக ஆட்டுங்கள். வெல்டிங் விட்டுப்போனால் இன்னொரு நட்டு. ஒவ்வொரு முறையும் ஸ்டட் சூடாகி ஆறுவதிலேயே துருப்பிடி தளரும்.

கேள்வி: என் காருக்கு அலுமினிய ஹெட். கேஸ் தீ காட்டலாமா சார்?

பதில்: காட்டலாம், ஆனால் அளவாக. அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். அதனால் ஸ்டட்டை விட்டுச் சுற்றியுள்ள ஹெட்டைச் சூடாக்க வேண்டும். இரும்பு போல இது சிவந்து எச்சரிக்காது, நிறம் மாறாமலே உருகிவிடும். தண்ணீர்த் துளி விழுந்தால் துள்ளி ஓடும் சூடு போதும்.

கேள்வி: உடைந்தது சைலன்சர் பைப் பக்கம், மேனிஃபோல்டிலேயே.

பதில்: அது சுலபம். மேனிஃபோல்டைக் கழற்றி வைஸில் பிடித்து அதே நட்டு வெல்டிங்.

கேள்வி: டிரில் போட்டேன், துளை ஓரமாகப் போய்விட்டது. மரையும் பாதி போச்சு.

பதில்: இனி கையால் டிரில் போடாதீர்கள். லேத் பட்டறையில் ஹெட்டைக் கொடுத்து நடுப்பார்த்து துளைத்து ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பதிக்கும் கம்பிச் சுருள்) போடச் சொல்லுங்கள். அடுத்த முறை துண்டின் முகத்தை மட்டமாக்கி, சென்டர் பஞ்ச் அடித்து, சின்ன பிட்டில் தொடங்குங்கள். 8 எம்எம் ஸ்டட், 1.25 பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம்) என்றால் 6.8 எம்எம்முக்கு மேல் போகக் கூடாது. எதிர்த்திசையில் சுற்றித் துளைக்கும் இடது சுற்று பிட் கிடைத்தால் துளைக்கும்போதே துண்டு வெளியே வந்தாலும் வரும்.

கேள்வி: ஸ்டட் வந்துவிட்டது, கூடவே கூலன்ட்டும் ஒழுகுகிறது! ஹெட் விரிசலா?

பதில்: பயப்படாதீர்கள், சில என்ஜின்களில் அந்தத் துளை தண்ணீர் ஓடும் அறைவரை போகும். கூலன்ட்டை இறக்கி, துளையைத் துடைத்து, புது ஸ்டட்டின் மரையில் சூடு தாங்கும் சீலன்ட் போட்டு ஏற்றுங்கள். மற்ற ஸ்டட்களுக்கு நிக்கல் ஆன்டி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமலிருக்கப் பூசும் பசை). மேனிஃபோல்டு வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவில் இறுக்குங்கள்.