பாண்டு முடியும் நேரத்தில் புது கேஸ்: வண்டியை மீட்பது எப்படி?

பாலக்கோடு பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அடிதடி கேஸில் என் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பாமல் 2 வருட நன்னடத்தை பாண்டில் விட்டார்கள். அது முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது. இப்போது மாரியம்மன் பண்டிகைத் தகராறில் அவன் பெயரையும் சேர்த்து எஃப்.ஐ.ஆர். போட்டு, பைக்கையும் செல்போனையும் எடுத்துக்கொண்டார்கள். பழைய தண்டனை திரும்ப வருமா? 'ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் வண்டியும் வந்துவிடும்' என்று ஒருவர் பணம் கேட்கிறார்."

அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கோர்ட் வாசல் டீக்கடையில் இப்படி ஒருத்தர் எல்லா ஊரிலும் உட்கார்ந்திருக்கிறார். இப்போதைக்கு உங்கள் தம்பி மேல் இருப்பது வெறும் புகார்தான், எஃப்.ஐ.ஆர். போட்டதாலேயே பாண்டு, அதாவது ஒழுங்காக நடப்பேன் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தது, முறிந்துவிடாது. ஆனால் சின்ன ஃபைன்தானே என்று ஒத்துக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு, அதுவும் பாண்டு காலத்துக்குள் நடந்த குற்றத்துக்கு. பழைய கோர்ட்டுக்கு அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, நிபந்தனையை மீறியதாக நன்னடத்தை அலுவலர் அறிக்கையிலோ வேறு வழியிலோ தெரியவந்தால், பழைய கோர்ட் சம்மனோ வாரண்ட்டோ அனுப்பலாம். விசாரித்து, மீறியது உண்மை என்றால் பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்கலாம். முதல் தடவை என்றால் 50 ரூபாய் வரை அபராதத்தோடு விட்டு பாண்டைத் தொடரவும் செய்யலாம். (சட்டம் எந்தக் காலத்தில் எழுதியது என்பது தொகையிலேயே தெரிகிறது.) மூன்று வாரம் பெங்களூரில் போய் இருந்துவிட்டு வரட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சம்பவம் நடந்த தேதியைத்தான் பார்ப்பார்கள். ஆள் இல்லை என்றால் அதையே காரணமாக்கி வாரண்ட் வரும். பழைய உத்தரவின் நகலை இப்போதே எடுத்து, இரண்டு கேஸையும் ஒரே வக்கீலிடம் காட்டுங்கள்.

சரி, வண்டி. கேஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதில் வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 497ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். ஸ்டேஷன்காரர்கள் பொருளைக் கோர்ட்டுக்கே அனுப்பாமல் வைத்திருந்தால் 503ஆவது பிரிவில் போட வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.ஐ.ஆர். நகல், கைப்பற்றிய மகஜர் (போலீஸ் பொருளை எடுத்தபோது எழுதிய பட்டியல்) எல்லாம் வேண்டும். விற்க மாட்டேன், மாற்ற மாட்டேன், கூப்பிட்டால் கொண்டுவருவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வண்டியை விடுவார்கள். பொருள் கோர்ட்டுக்கு வந்ததும் 14 நாளில் விவரம் எழுதி, போட்டோ எடுத்து, அடுத்த 30 நாளில் உத்தரவு போட வேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறது. வண்டிகளை ஸ்டேஷனில் வருஷக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லியாகிவிட்டது. எந்த ஸ்டேஷன் காம்பவுண்டிலாவது எட்டிப் பாருங்கள், கொடி படர்ந்து, டயர் மண்ணில் புதைந்து, சீட் கிழிந்து நிற்கிறது. நாமாக மனு போடாவிட்டால் நம் வண்டியும் அங்கேதான்.

நம் பக்கத்தில் நிறைய பேர் மாட்டிக்கொள்வது ஆர்.சி.யில்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டுப் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறோம், கேட்கும்போது பழைய ஓனர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மனு போடுவதுதான் சுலபம். ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் அந்தக் கம்பெனியிடமும் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் கேஸுக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஓசூர் வழியாகக் கர்நாடகா சரக்கு கொண்டுவந்து மாட்டிய வண்டி என்றால் கதையே வேறு. கோர்ட்டில் கேஸ் ஒரு பக்கம் நடக்க, மதுவிலக்குச் சட்டத்தில் அந்த வண்டியையே பறிமுதல் செய்யும் நடவடிக்கை இன்னொரு பக்கம் ஓடும். 'ஏன் பறிமுதல் செய்யக்கூடாது' என்று வரும் நோட்டீசுக்குப் பதில் கொடுக்காமல் விட்டால் வண்டி ஏலத்துக்குப் போகும். நண்பனுக்கு இரவல் கொடுத்தேன், எனக்குத் தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தெரிந்தவர் கேட்டார் என்று பைக் சாவியைக் கொடுப்பவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்.

செல்போன் சீக்கிரம் வராது, அதில் ஆதாரம் இருக்கிறது என்று ஆய்வகத்துக்கு அனுப்பினால் இன்னும் இழுக்கும். டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுங்கள், பேங்க் ஓ.டி.பி. அதில்தானே வருகிறது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் 15100க்குப் போன் செய்யுங்கள், அல்லது தர்மபுரி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டு நேராக உள்ளே போங்கள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆளைக் கேட்காதீர்கள்.