சவேரியாரைப் பார்க்க ‘ஸ்பெஷல் பாஸ்’ உண்டா?

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து டிசம்பர் 3 சவேரியார் திருவிழாவுக்குப் பழைய கோவா போகிறோம். அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. ஆளுக்கு 1,500 ரூபாய் கொடுத்தால் திருவுடலைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போம் ஜீசஸ் பேராலயத்துக்குள் போக யாருக்கும் கட்டணம் கிடையாது. உடல் இருக்கும் வெள்ளிப் பேழை, 1698இல் ஃப்ளாரன்ஸிலிருந்து வந்த பளிங்கு மேடையின் உச்சியில் இருக்கிறது. மந்திரியே வந்தாலும் கீழே நின்று அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று. பத்து வருடத்துக்கு ஒருமுறை பேழையை இறக்கி, எதிரே உள்ள சே கதீட்ரலில் மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். கடைசியாக வைத்தது 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை. வருடா வருடம் வரும் டிசம்பர் 3 அது அல்ல. திருவிழா வேறு, பத்து வருடக் காட்சி வேறு. திருவிழாவன்று பேழை இறங்காது. இந்த இரண்டையும் குழப்பித்தான் ஏஜென்ட்கள் காசு பார்க்கிறார்கள். ‘அனுமதி இலவசம்’ என்று தமிழிலும் கொங்கணியிலும் பெரிதாக ஒரு பலகை வைக்க எத்தனை வருடம் வேண்டுமோ!

அம்மாவுக்காகச் சொல்கிறேன், திருவிழாவன்று போகாதீர்கள். கூட்டத்தில் நின்றே கால் போய்விடும். நாலு நாள் கழித்து, வார நாளில், காலையிலேயே போங்கள். பேராலயத்தைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தால் சே கதீட்ரல். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து இளைப்பாறலாம். அதற்கு ஒரு கோபுரம்தான் இருக்கும். ‘இன்னொன்றைக் கட்டவே இல்லை’ என்று எந்த கைடாவது சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். கட்டினார்கள், 1776இல் விழுந்தது. புனித அகுஸ்தினார் கோபுர இடிபாடு மேட்டில் இருக்கிறது, அம்மாவுக்கு வேண்டாம்.

ரயிலில் போனால் பழைய கோவாவுக்குப் பக்கத்து நிலையம் கர்மாலி. உங்கள் வண்டி அங்கே நிற்குமா என்று முதலில் பாருங்கள். தள்ளியிருக்கும் மட்காவ் நிலையத்தில் இறக்கிவிட்டு டாக்சிக்குக் காசு பிடுங்குவது ஏஜென்ட்களின் பழைய வேலை. பனாஜியிலிருந்து பழைய கோவா சுமார் 10 கிலோமீட்டர்தான், பஸ் உண்டு.

வாசலில் மெழுகில் செய்த கை, கால் விற்பார்கள். முழங்கால் வலிக்கு அம்மா கட்டாயம் ஒரு கால் கேட்பார். விலை பேசிய பிறகு கையில் வாங்கச் சொல்லுங்கள்.