காலைக் குளிரில் என்ஜினைச் சூடாக்க வேண்டுமா?

கேள்வி: மார்கழிப் பனியில் தினமும் 10 நிமிடம் காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்ட பிறகுதான் கிளம்புகிறேன். இது தேவைதானா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: தேவையில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகள், சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் பிடியை) இழுத்துச் சற்று நேரம் ஓடவிடாவிட்டால் திணறி நின்றுவிடும் என்பதால் வந்த பழக்கம் இது. இன்றைய பெட்ரோல் கார்களில், குளிரைச் சென்சார் வழியே அறிந்து, எரிபொருளின் அளவைக் கணினியே கூட்டிக்கொள்கிறது. அப்படிக் கூடுதலாகச் செல்லும் பெட்ரோல், நின்றபடி நெடுநேரம் ஓடும்போது முழுமையாக எரியாமல், சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடுவதால், பாதுகாப்புக்கு மாறாகத் தேய்மானமே கூடுகிறது. என்ஜின் ஓடத் தொடங்கி, டாஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு அணைந்ததும் 30 விநாடி பொறுத்து, கண்ணாடியில் படர்ந்த பனியைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். வெப்பமானி முள் நடுவுக்கு வரும்வரை ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஒருபோதும் ஓடவிட வேண்டாம். உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.