வியட்நாமில் நாணயங்கள் புழக்கத்தில் உள்ளனவா? பணத்தாள்களில் எதைக் கவனிக்க வேண்டும்?
2003 டிசம்பர் முதல் 200, 500, 1,000, 2,000, 5,000 டோங் நாணயங்கள் வெளியிடப்பட்டன. மக்களிடம் வரவேற்பு இல்லாததால் 2011-இல் வெளியீடு நிறுத்தப்பட்டு, இன்று கடைகளில் அவற்றைக் காண்பதே அரிதாகிவிட்டது. எனவே தாள்களைப் பழகிக்கொள்வதே முக்கியம். 1,000, 2,000, 5,000 டோங் பருத்தித் தாள்கள்; 10,000 முதல் 500,000 வரையிலானவை, நீரில் நனைந்தாலும் எளிதில் கெடாத பாலிமர் தாள்கள். இவை அனைத்திலும் ஹோ சி மின் முகமே இருப்பதால், உருவத்தைப் பார்த்து மதிப்பை அறிய இயலாது.

குறிப்பாக, 20,000, 500,000 ஆகிய இரண்டுமே நீல நிறத்தவை. மங்கிய வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால், கொடுக்க வேண்டியதைப் போல இருபத்தைந்து மடங்கு பணம் கைமாறிவிடும். தயவுசெய்து பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள்: ஹோய் ஆன் நகரின் கூரையிட்ட ஜப்பானியப் பாலம் இருந்தால் அது 20,000, கிம் லியென் கிராமத்தில் ஹோ சி மின் வாழ்ந்த வீடு இருந்தால் 500,000.