இன்வாய்ஸ் மெயில் பட்டன்: ‘டீஃபால்ட் மெயில் கிளையன்ட் இல்லை’

பில்லிங் சாஃப்ட்வேரை ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ இல்லாமல் திறந்து பாருங்கள். அவுட்லுக்தான் டீஃபால்ட், தனியாக நன்றாக ஓடுகிறது, ஆனால் மாம்பழக்கூழ் இன்வாய்ஸை அனுப்பப்போனால் மட்டும் இந்தப் பிழை என்கிறீர்கள். அப்படியென்றால் சாஃப்ட்வேர் அட்மின் உரிமையிலும் அவுட்லுக் சாதாரண உரிமையிலும் ஓடிக்கொண்டிருக்கலாம். உரிமை வேறுபட்டால் மேப்பி (MAPI, மற்ற சாஃப்ட்வேர்கள் மெயில் அனுப்ப அவுட்லுக்கை அழைக்கும் வழி) இணைப்பு கிடைக்காது. தர்மபுரியில் ஒரு மண்டிக் கம்ப்யூட்டரில் இதற்காக அவுட்லுக்கை இரண்டு தடவை வீணாக ரீஇன்ஸ்டால் செய்தேன்.

முதலில் ஒரு சோதனை. டெஸ்க்டாப்பில் ஏதாவது பிடிஎஃப் மேல் ரைட் கிளிக், ‘சென்ட் டூ’, ‘மெயில் ரெசிப்பியன்ட்’. (விண்டோஸ் 11 என்றால் முதலில் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’.) ஃபைல் இணைந்த புது மெயில் திறந்தால் டீஃபால்ட் சரி. அப்புறம் சாஃப்ட்வேர் ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி போய் அட்மின் டிக்கை எடுங்கள். சாஃப்ட்வேர், அவுட்லுக் இரண்டையும் மூடித் திறங்கள்.

டிக்கை எடுத்ததும் சாஃப்ட்வேர் டேட்டா சேமிக்க மறுத்தால், அது டேட்டா சேமிக்கும் ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுங்கள். அவுட்லுக்கையும் அட்மினாக ஓட்டினால் வேலை நடக்கும்தான், ஆனால் யாரோ அனுப்பிய அட்டாச்மென்டும் அட்மின் உரிமையோடு திறக்கும். அது வேண்டாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் சாஃப்ட்வேரும் அவுட்லுக்கும் 32 பிட்டா, 64 பிட்டா, இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.