தெரிந்தவர் ஏன் தடுக்கவில்லை?

கேள்வி: நடக்கப்போவதெல்லாம் கடவுளுக்கு முன்பே தெரியும் என்றால், கொலை செய்பவனுக்கு அதைத் தவிர்க்க வழியே இல்லை. அப்புறம் அவனைப் பாவி என்பது என்ன நியாயம்?

பதில்: கொலைகாரனை இவ்வளவு சுலபமாக விடுவித்துவிடாதீர்கள். தெரிந்திருப்பது வேறு, செய்ய வைப்பது வேறு. மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் கிடந்த ரோமானிய அறிஞர் போயத்தியஸ் 6-ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பேசிவிட்டார். ஒருவர் நடப்பதை நாம் பார்க்கிறோம். பார்ப்பதால்தான் அவர் நடக்கிறார் என்று ஆகுமா? காலத்துக்கு அப்பாற்பட்ட கடவுள் நாளையையும் அப்படித்தான், இப்போது நடப்பதாகவே காண்கிறார் என்றார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. கடவுள் வெறும் பார்வையாளர் அல்லவே! படைத்தவரும் அவர், தடுக்க வல்லவரும் அவர். குழந்தை கிணற்றில் விழப்போவது தெரிந்தும், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் சும்மா நின்றவரை, 'நீ தள்ளிவிடவில்லையே' என்று விட்டுவிடுவோமா?

மனிதனுக்குச் சுதந்திரம் தந்ததால் வந்த வினை என்பார்கள். கொலைக்கு அது பொருந்தலாம். 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர்கள் திருநாள் காலையில், ஆலயங்களில் மக்கள் கூடியிருந்த வேளையில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. பின்னாலேயே கடல் பொங்கியது, தீ பரவியது. அங்கே யாருடைய சுதந்திரம் பூமியை அசைத்தது?

கர்மவினை என்ற பதில் இதைவிட வலுவானது. ஈசுவரனுக்குப் பாரபட்சமும் இல்லை, கொடுமையும் இல்லை, அவரவர் வினைப்படியே தருகிறான் என்கிறது வேதாந்தத்தின் மூலநூலான பிரம்ம சூத்திரம். முதல் படைப்பின்போது வினை ஏது என்ற கேள்வியையும் அதுவே எழுப்பி, சம்சாரம் என்னும் பிறவிச் சுழலுக்குத் தொடக்கமே இல்லை என்கிறது. தர்க்கம் முறியவில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் 'அது பழைய கணக்கு' என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்கிறவர்களை மன்னிக்கவும் மனம் வராது.

என் மனம் போய் நிற்பது சங்கப் புலவர் பக்குடுக்கை நன்கணியாரிடம். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. கணவனோடு இருப்பவள் பூச்சூடுகிறாள், பிரிந்தவள் கண்ணீர் உகுக்கிறாள். இதைக் கண்டு, 'படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்' என்று புறநானூற்றின் 194-ஆம் பாட்டில் வைதார். படைத்தவனே இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவனுக்காகப் பரிந்து பேசவும் இல்லை. உலகின் இயல்பை உணர்ந்தவர்கள் அதில் இனியதைக் காணட்டும் என்றுதான் பாட்டை முடித்தார். வைத சொல்லைத் திரும்பப் பெறவில்லை.